தலைகீழ்க் கிளிகள்

டாக்டரம்மா என் வயிற்றின் மேல் இரண்டு கைகளையும் வைத்து அங்கும் இங்கும் மெதுவாக அழுத்திப் பார்த்தார். பிறகு ஸ்கேன் தாளை எடுத்து ஒரு முறை பார்த்தார். "தலை இன்னும் மேலதாம்மா இருக்கு" என்றார். எனக்கு உடனே வந்தது கோபம். பயம் அரை மணி நேரம் கழித்து, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போதுதான் வந்தது. எனக்கு எல்லாமே இந்த வரிசையில்தான் வரும். கல்யாண வீட்டில்கூட முதலில் யாரிடமாவது சண்டை போட்டுவிட்டுத்தான் பந்தியில் உட்காருவேன்.

வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளைக்கு நம் சட்டம் செல்லாது. அது தலைகீழாக இருந்தால்தான் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். என் பிள்ளையோ நாற்காலி போட்டு உட்கார்ந்த மாதிரி, தலை என் நெஞ்சுக்குக் கீழே முட்ட, ஜம்மென்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. எட்டாம் மாதம் முடியப்போகிறது. திரும்ப வேண்டிய நேரம்.

"இன்னும் மூணு வாரம் பாப்போம். திரும்பலன்னா ஆபரேஷன் பண்ணி எடுத்துரலாம், பயப்படாதீங்க" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஆபரேஷனுக்கு நான் பயப்படவில்லை. கத்தியும் கத்தரியும் என் பிழைப்பு. காலுக்குத்தான் பயந்தேன்.

மூன்று வருடங்களுக்கு முன் என் மூத்தவள் கால் முதலாக வந்தாள். நாள் கணக்குக்கு வெகு முன்னாலேயே, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், வேனுக்குள். யாரையும் குற்றம் சொல்ல அதில் இடமில்லை. நான் பார்த்தது இரண்டு பாதங்கள்தான். அவள் அழவில்லை. என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், தன் முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டார். முகத்தை எனக்குக் காட்டவில்லை. நானும் அன்றைக்குக் கேட்கிற நிலையில் இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. டாக்டரம்மாவிடம் மட்டும் நான் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். மற்றபடி பஸ்ஸிலோ கோயிலிலோ யாராவது என் வயிற்றைப் பார்த்து "எத்தனையாவது?" என்று கேட்டால் அத்தை முந்திக்கொண்டு "இதான் மொத" என்பார். அந்த ஒரு சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் வாயை மூடிக்கொள்வேன். வாயை மூடிக்கொண்டு இருப்பது என் சுபாவமே இல்லை, அதை எங்கள் தெருவில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம்.

தலை மேலே இருக்கிறது என்று சொன்ன அன்றைக்கே பயிற்சி ஒன்றையும் டாக்டரம்மா சொல்லிக் கொடுத்திருந்தார். இடுப்பை உயரத்தில் வைத்து, தலையைத் தாழ்த்தி, பத்து நிமிடம் படுக்க வேண்டும். "இன்வெர்ஷன்னு சொல்வாங்க. திரும்பும்னு உறுதி கிடையாது. பக்கத்துல ஆளு இருக்கணும். தலை சுத்துனா உடனே எந்திரிச்சிரணும்." ராஜபாளையம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் என் வீட்டுக்காரர் போனை எடுத்து அந்த வார்த்தையைத் தேடினார். அவர் இன்வெர்ட்டர் ரிப்பேர் பார்க்கிறவர். தன் தொழிலுக்குச் சொந்தக்கார வார்த்தை என் வயிற்றுக்குள் வந்துவிட்டதில் அவருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"ஏ பிள்ள, இது எல்லாத்துக்கும் இருக்கு பாரு" என்று படிக்க ஆரம்பித்தார். வானிலைக்காரர்களுக்கு ஒன்று: கீழே குளிர்ந்து மேலே சூடாக இருப்பது. பாட்டுக்காரர்களுக்கு ஒன்று: அடியில் இருக்கிற சுரத்தைத் தூக்கி உச்சியில் வைப்பது. கணக்கில் நாலைத் தலைகீழாக்கினால் கால். "சர்க்கரைப் பாகுல எலுமிச்சம்பழம் பிழியுறாங்கல்ல, பாகு உறையாம இருக்க? அதுவும் இதானாம். அந்தப் பாகு வழியா வெளிச்சத்த விட்டா அது எதிர்ப் பக்கமா முறுக்கிக்கிடுமாம்." அவர் குரல் ஊர்ச் செய்தி படிப்பது போல இருந்தது. வெளியே தென்னந்தோப்புகள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. நான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே வந்தேன். உலகத்தில் எது எதுவோ சுலபமாகத் திரும்பிக்கொள்கிறது என்று பட்டது.

ஒரு இடத்தில் அவர் சத்தம் நின்றது. கண்ணைத் திறந்தேன். கட்டைவிரல் வேகமாகத் திரையைத் தள்ளியது.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. அது டாக்டருங்களுக்கு."

மறுநாள் நானே தேடிப் படித்தேன். பிரசவத்தில் கர்ப்பப்பையே உள்பக்கம் வெளியாகப் புரண்டுவிடுவதும் உண்டாம். எப்போதாவது, யாருக்காவது. படித்திருக்கக் கூடாது. அவர் மறைத்ததற்காக அவர்மேல் ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருந்தேன். பிறகு அந்தக் கட்டைவிரலை நினைத்து அழுதேன்.

பஸ்ஸில் வந்து இறங்கிய அன்றே சாயங்காலம் வீட்டில் கரண்டு போனது. மூலையில் இன்வெர்ட்டர் பெட்டி டக்கென்று ஒலித்து, ஃபேன் நிற்காமல் சுற்றியது. "பேட்டரியில இருந்து வர்ற கரண்டு ஒரே பக்கமாத்தான் ஓடும். ஃபேன் அத ஏத்துக்கிடாது. இந்தப் பெட்டி அத முன்னயும் பின்னயுமாப் புரட்டிப் புரட்டிக் குடுக்குது. ஒரு செகண்டுக்கு அம்பது தடவ" என்றார்.

"அப்ப இங்க ஒரே ஒரு தடவ புரட்டிக் குடுங்க பாப்போம்" என்றேன், வயிற்றைக் காட்டி.

அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து வயிற்றின் மேல் கையை வைத்தார். பிள்ளை ஒரு உதை விட்டது, கீழ்ப்பக்கமாக.

நான் வேலை செய்யும் நைட்டி ஷெட் ஊருக்கு வெளியே இருக்கிறது. கட்டிங் மாஸ்டர் நான்தான். பொம்பளை மாஸ்டரா என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி அலுத்துவிட்டது. நீளமான மேசையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே அளவு போட்டு, மெஷினால் ஒரே மூச்சில் வெட்டுவது என் வேலை. பூப்போட்ட துணி என்றால் மேசை முனைக்குப் போனதும் மடித்துத் திரும்பி வரலாம். போக ஒரு அடுக்கு, வர ஒரு அடுக்கு. பூவுக்கு மேல் கீழ் கிடையாது. மயிலோ யானையோ போட்ட துணி வந்தால் அப்படிச் செய்யவே கூடாது. ஒவ்வொரு அடுக்கையும் முனையில் வெட்டி, மறுபடி முதலில் இருந்து விரிக்க வேண்டும். மடித்து விரித்தால் ஒரு அடுக்கு விட்டு ஒரு அடுக்கு தலைகீழாகிவிடும். தொழிலுக்கு வந்த முதல் வாரமே தெரிந்துகொள்கிற பாடம் இது.

கர்ப்பப்பை புரள்வதைப் போனில் படித்த அன்றைக்கு ஷெட்டுக்கு வந்தது கிளித் துணி. வெள்ளையில் பச்சைக் கிளிகள். நான் மடித்து மடித்து விரித்தேன். என் கை துணியில் இருந்தது, மற்றதெல்லாம் வேறெங்கோ இருந்தது. மொத்த அடுக்கையும் வெட்டி முடித்துக் கட்டுக் கட்டாக அனுப்பிவிட்டேன். செத்த நேரம் கழித்துத் தையல் மெஷின் ஒன்று நின்றது.

"அம்மாயி, இங்க செத்த வாயேன்" என்று கூப்பிட்டார் தையல்கார அக்கா. அவர் வீட்டுப் பேச்சு தெலுங்கு, பெண்ணே என்பதைத்தான் அப்படிச் சொல்வார். அவர் கையில் ஒரு நைட்டி. முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை, எல்லாவற்றிலும் கிளிகள் கால் மேலே, அலகு கீழே.

"எம்புட்டு இருக்கு?" என்றேன்.

"பாதி."

எட்டு வருடத்தில் ஒரு துண்டு தப்பாக வெட்டியதில்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவள் நான். அடுத்தவர் தப்புக்கு நான் போட்ட கூச்சல் கொஞ்சமா? இப்போது மெஷின்களில் இருந்த அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டு சத்தமில்லாமல் இருந்தார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அக்காதான் அந்த நைட்டியைத் தன் தோளில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார், "விடு அம்மாயி. கொய்யாப்பழம் திங்குற கிளி எப்படி இருக்கும்? இப்படித் தொங்கிக்கிட்டுத்தான் திங்கும்." நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அழுதது துணிக்காக இல்லை என்று அக்காவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதலாளியிடம் அவரே போய்ப் பேசினார். அந்த நைட்டிகளும் மற்றவற்றோடு சேர்ந்து எங்கெங்கோ போயின. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

மறுநாளிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் ஷெட்டிலேயே பயிற்சி செய்தேன். எல்லாரும் வெளியே வேப்பமரத்தடிக்குப் போனதும் அக்கா ஷட்டரை இழுத்துவிடுவார். கட்டிங் மேசைமேல் என்னை ஏற்றி, இடுப்புக்குக் கீழே இரண்டு துணிக்கட்டு வைத்து, தலைமாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். சாப்பாட்டுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு, "ஒண்ணு, ரெண்டு" என்று நிமிடங்களை எண்ணுவார்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். ஷட்டரில் ஆணி போன ஒரு ஓட்டை இருக்கிறது. உச்சி வெயில் நேரத்தில், உள்ளே இருட்டாக இருக்கும்போது, அந்த ஓட்டை வழியாகத் தெரு முழுவதும் உள்ளே வந்து எதிர்ச் சுவரில் விழுந்திருந்தது. கலரோடு, அசைவோடு. எல்லாம் தலைகீழாக. மேற்கு மலை கூரையிலிருந்து கீழ் நோக்கித் தொங்கியது. வானம் தரையில் கிடந்தது. ஒரு சைக்கிள் சக்கரங்கள் மேலே இருக்க மெதுவாகப் போனது. தண்ணீர்க் குடத்தோடு ஒரு பெண் தலைகீழாக நடந்தாள், ஒரு சொட்டும் சிந்தவில்லை.

எட்டு வருடமாக அதே ஷெட்டில் இருக்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் உள்ளே இருந்ததில்லையே, எப்படிப் பார்ப்பது? அக்காவும் வாயில் சோற்றோடு திரும்பி உட்கார்ந்துவிட்டார். வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர், "கண்ணுக்குள்ளயும் இப்படித்தான் விழுதாம், மூளைதான் நிமித்தி வைக்குது" என்றார். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு பதில் இருக்கும்.

பிறகு அந்தப் பத்து நிமிடங்களுக்காக நான் காலையிலிருந்தே காத்திருக்க ஆரம்பித்தேன். மேசை விளிம்புக்குச் சற்று வெளியே தலையைத் தாழ்த்திச் சுவரைப் பார்த்தால், எனக்கு மட்டும் தெரு நேராகத் தெரியும். மலை நிமிர்ந்து நிற்கும். ஆட்கள் தரையில் நடப்பார்கள். ரத்தம் முகத்தில் ஏறி, காது அடைத்து, எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பது போல இருக்கும். பாதித் தூக்கம். அந்தத் தெருவில் மூத்தவள் நடந்து போவாள் என்று தோன்றும். மூன்று வயது ஆகியிருக்கும். பாதங்கள் தெரியும், கால் தெரியும், பாவாடை தெரியும். முகத்துக்கு வரும்போது வெறும் வெளிச்சம்தான் இருக்கும். எத்தனை முறை முயன்றும் முகம் வரவில்லை. "பத்து" என்பார் அக்கா. எழுந்துவிடுவேன்.

ஒரு நாள் ஏழாவது நிமிடத்தில் வயிறு முழுவதும் அசைந்தது. உதை இல்லை. பெரிய அசைவு, பாயில் படுத்திருப்பவர் புரண்டு படுப்பது போல. "அக்கா! திரும்பிருச்சு!" என்று கத்தினேன். அவர் தூக்கைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "ஆமா அம்மாயி, ஆமா" என்றார். அன்று ஷெட்டில் எல்லாருக்கும் டீ வந்தது. வீட்டில் அத்தை, "அய்யனார் கோவிலுக்கு நேந்துருந்தேன், கேட்டுருச்சு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் பத்து நிமிடத்துக்கு யாரும் பேர் கொடுக்கவில்லை. பரவாயில்லை, யார் செய்தால் என்ன என்று இருந்தேன்.

டாக்டரம்மா சொன்ன நாள் மார்கழியில் வந்தது. விடிந்ததும் கிளம்பினோம். பஸ் போகிற வழியெல்லாம் வயல்மேல் பனி பால்போல நின்றது. தென்னைகளின் கொண்டை மட்டும் வெளியே தெரிந்தது. மலை உச்சிகள் மேலே சுத்தமாக, வெயிலில் இருந்தன. ஒரு டீக்கடைப் புகை கொஞ்ச தூரம் ஏறி, கண்ணுக்குத் தெரியாத மச்சில் முட்டினது போல அப்படியே பரந்து படுத்தது.

"அன்னைக்குப் படிச்சேன்ல, இதான் அது" என்றார் என் வீட்டுக்காரர். "மேல கதகதப்பு, கீழ குளிரு. செண்பகத்தோப்புக்கு மேல மலையில ஏறிட்டா இப்ப நம்மள விட வெதுவெதுன்னு இருக்கும். வெயில் ஏறுனா தானாச் சரியாப் போயிரும்." அத்தை சால்வையை இழுத்து என் வயிற்றை மூடினார். நான் சந்தோஷமாக இருந்தேன். அந்தப் பஸ் போய்ச் சேராமல் அந்தப் பனிக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

டாக்டரம்மா கை வைத்தார். ஸ்கேன் பார்த்தார். "தலை மேலதாம்மா இருக்கு."

"திரும்புச்சு! எனக்குத் தெரியும், திரும்புச்சு!" என்று அவரிடமே சத்தம் போட்டேன். "திரும்பியிருக்கும்மா" என்றார் அவர், கோபப்படாமல். "திரும்பிட்டு, மறுபடி சுத்தி பழைய இடத்துக்கே வந்துருக்கும். சில பிள்ளைங்க அப்படி." என் பிள்ளை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, பழைய நாற்காலியே தேவலை என்று வந்து உட்கார்ந்துவிட்டது. பிடிவாதம் என்னிடமிருந்து வந்ததுதான், வேறு யாரைச் சொல்வது?

மறுநாள் காலை ஆபரேஷன். முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே என் உடம்பு என்னுடையதாக இல்லை. நெஞ்சுக்கு முன்னால் பச்சைத் துணி கட்டியிருந்தது. நல்ல துணி, கெட்டி நெசவு, ஓரம் மட்டும் கோணலாக மடித்துத் தைத்திருந்தார்கள். அந்தக் கோணலையே பார்த்துக்கொண்டிருந்தேன். துணிக்கு அந்தப் பக்கம் யாரோ, "கால் வருது மேடம்" என்றார்கள்.

கால். நான் மறுபடி வேனுக்குள் இருந்தேன். அதே இரண்டு பாதங்கள். எண்ண ஆரம்பித்தேன். அக்கா எண்ணுவது போல ஒண்ணு, ரெண்டு. ஆறில் டாக்டரம்மாவின் கை பச்சைத் துணிக்கு மேலே எழுந்தது. இரண்டு கால்களைச் சேர்த்துப் பிடித்திருந்தார். மற்றொரு கை கீழே தாங்கியிருந்தது. மூன்று வாரமாக நான் கெஞ்சியும் கேட்காத பிள்ளை, இப்போது என் கண் முன்னால் கால் மேலே, தலை கீழே என்று தொங்கியது. ஈரமாக, சிவப்பாக, அந்தக் கிளிகளைப் போல. வாயைத் திறந்தது. அழுதது. அது அழுத அழுகையில் நான் கொடுத்த மூச்செல்லாம் எனக்குத் திரும்பி வந்தது.

சாயங்காலம் வார்டில் படுத்திருந்தேன். பையன் அத்தையின் மடியில் இருந்தான். பிறக்கும் முன்னால் பிள்ளைக்குத் துணிமணி சேர்க்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மூத்தவளுக்கு நான் அதைக் கேட்கவில்லை. கட்டிங் மாஸ்டர் பிள்ளைக்குச் சட்டை இல்லையா என்று திமிராக நாலு சட்டை தைத்தேன், வெள்ளைத் துணியில் மஞ்சள் நூல் போட்டு. பச்சைப் பிள்ளைச் சட்டைக்கு மட்டும் தையல் வெளியே வர வேண்டும், உள்ளே இருந்தால் தோலை உறுத்தும். வேனுக்குப் பிறகு அந்தச் சட்டைகள் வீட்டில் இல்லை. அத்தை அடுப்பில் போட்டிருப்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. இந்தத் தடவை ஒரு முழம் துணிகூட வெட்டவில்லை. பழைய வேட்டித் துண்டில் சுற்றுவார்கள் என்று இருந்தேன்.

நர்ஸ் வந்து குனிந்து பிள்ளையைப் பார்த்தாள். "என்ன பாட்டி, சட்டைய மாத்திப் போட்டுருக்கீங்க? தையல் வெளிய தெரியுது."

நான் தலையைத் திருப்பினேன். வெள்ளைத் துணி. மஞ்சள் நூல்.

"மாத்திப் போடல தாயி. அப்படித்தான் தச்சுருக்கா" என்றார் அத்தை. சட்டையின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். "மூத்தவளுக்குத் தச்சது."

"அப்ப இது ரெண்டாவதா?" என்று நர்ஸ் கேட்டாள்.

இத்தனை மாதமாக முந்திக்கொண்டு பதில் சொன்ன அத்தை இப்போது முந்தவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு, "ஆமா. இவன் ரெண்டாவது" என்றார்.

நர்ஸ் போன பிறகும் அத்தை என் முகத்தைப் பார்க்காமல் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவ பேச்ச வாயில எடுத்தா இதுக்கும் ஏதாச்சும் ஆயிருமோன்னு பயந்துட்டேன் ஏட்டி. சட்டைய எரிக்க மனசு வரல. அரிசிப் பானைக்குள்ள வச்சுருந்தேன்."

என்னிடம் அப்போது கோபம் என்று ஒன்று இல்லவே இல்லை. வயிற்றில் தையல் இழுத்தது. "அத்த, அவ எப்படி இருந்தா?" என்று கேட்டேன்.

அத்தை பையனை மெதுவாகத் தூக்கி வந்து என் கழுத்துப் பக்கம் வைத்தார். அவன் மூக்கைச் சுட்டுவிரலால் ஒரு தடவை தொட்டார்.

"இதே மூக்குதான்" என்றார். "இதே நெத்தி. முடி மட்டும் இவனுக்குக் கம்மி."